பிளாட்டி மூன்று, கப்பி ஐந்து

அண்ணி,

இன்று காலை புது மீன் தீவன டப்பா ஒன்றைப் பிரித்தேன். காய்ந்த இறால் வாடை குப்பென்று வந்தது. நான் வாக்கப்பட்டு வந்த புதிதில் அந்த வாடைக்கு மூக்கைப் பொத்திக்கொள்வேன். நீங்கள் பார்த்தும் பார்க்காததுபோல் இருப்பீர்கள்.

உங்கள் தம்பி சிமெண்ட் லாரியோடு வெளியூர் போனால் பத்து நாள் ஆகும். அரியலூர் வீட்டில் நாம் இருவர்தான். கணவரை இழந்து பிறந்த வீட்டுக்குத் திரும்பியிருந்த உங்களுக்கு, பள்ளிக்கூட ஆபீஸ் வேலை விட்டால் அந்த இரண்டடி மீன் தொட்டிதான் உலகம். விடிகாலையில் ரேடியோவைச் சத்தமாக வைப்பீர்கள். நான் பாத்திரத்தை ஓங்கி வைப்பேன். ஒருமுறை உங்கள் பழைய சேலையைக் கேட்காமல் கிழித்துக் கரித்துணி ஆக்கிவிட்டேன். ஒரு வாரம் என்னிடம் பேசவே இல்லை.

உங்களைச் சமாதானப்படுத்தத்தான் அந்த மீனை வாங்கினேன். பெரம்பலூரில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது, கடையில் தனிக் கிண்ணத்தில் நீலமாக இருந்தது. ஃபைட்டர் என்றார் கடைக்காரர். வந்ததும் தொட்டியில் விட்டேன். சாயங்காலம் நீங்கள் ஆபீஸிலிருந்து வந்தபோது உங்கள் கப்பி மீன்களுக்கு வாலே இல்லை. இரண்டு செத்து மிதந்தன, ஐந்துதான் மிச்சம்.

"வாங்கறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"உங்கள்ட்ட எங்க பேச முடியுது அண்ணி?"

நீங்கள் ஃபைட்டரை மட்டும் வலையில் அள்ளி ஊறுகாய் ஜாடிக்கு மாற்றினீர்கள். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. "கெளம்பு, பெரம்பலூர் போயி இத மாத்திட்டு வந்துடுவோம்" என்றீர்கள்.

கடையில் நீங்கள் கேட்ட கேள்விகளைப் பெண் பார்க்கப் போகிறவர்கள்கூடக் கேட்டிருக்க மாட்டார்கள். எவ்வளவு பெரிதாக வளரும், கூட்டமாக இருக்குமா, அடுத்த மீனின் வாலைக் கடிக்குமா. நான் ஏஞ்சல் மீனைக் காட்டினேன். "வளந்துச்சுன்னா கப்பிக் குட்டிய முழுங்கிடும்." கோல்டுஃபிஷ்? "நம்ம தொட்டிக்கு அது யானை." மினுமினுத்த நியான் மீனைக் காட்டியபோது மட்டும் கொஞ்சம் யோசித்தீர்கள். "நம்மூரு போர்த் தண்ணில சுண்ணாம்பு. பாத்திரத்துல வெள்ளையாப் படியுது பாரு. அதுக்குத் தாங்காது. பிளாட்டி தாங்கும்." பெண் இரண்டு, ஆண் ஒன்று எடுத்தீர்கள். ஆண் அதிகமானால் துரத்தியே பெண்ணைச் சாகடித்துவிடும் என்று சொல்லி, என் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டீர்கள்.

திரும்பும் பஸ்ஸில் மீன் கவரை மடியில் வைத்திருந்தீர்கள். பாதி வழியில் ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டீர்கள்: "காலைல ரேடியோ வக்கிறது உனக்குத் தொந்தரவா இருக்கா?"

இருக்கிறது என்றேன். மறுநாள் காலையில் உங்கள் அறைக்கதவு சாத்தியிருந்தது. பாட்டு மெல்லக் கசிந்தது. அன்று நான் பாத்திரத்தைச் சத்தமில்லாமல் வைத்தேன்.

அதன் பிறகு ஆறு வருடம் அந்தக் கடைக்குச் சேர்ந்தே போய்வந்தோம், ஒரே தட்டில் பஜ்ஜி சாப்பிட்டோம். உங்களைத் திருச்சி ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகும் போனில் முதலில் தொட்டியைத்தான் விசாரிப்பீர்கள். "தீனி நெறையப் போடாத. ரெண்டு நிமிசத்துல திங்கிற அளவு போதும்." கடைசியாக என்னிடம் பேசியது அதுதான். மாசியில் உங்களை வேனில் கொண்டுவந்தோம்.

காரியம் முடிந்து உங்கள் தம்பி லாரி ஏறிவிட்டார். ஒண்டியாக எதற்கு, அம்மா வீட்டில் போய் இரு என்கிறார். நான் போகவில்லை. சாயங்காலத்தில் தொட்டியின் மோட்டார் சத்தம் மட்டும்தான். சில நாள் நான் யாரிடமும் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் படுத்துவிடுகிறேன்.

போன மாதம் பிளாட்டியில் ஒரு பெண் செத்துப்போனது. வேறு வாங்கப் பெரம்பலூர் போனேன். கடைக்காரர் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"அக்கா வரலீங்களா?"

"வூட்ல இருக்காங்க" என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை.

அவர் உள்ளே போய், ஈரத் தாளில் சுற்றிய பாசிக்கொத்து ஒன்றைக் கொண்டுவந்தார். "குட்டி மீன் ஒளிஞ்சிக்க வேணும்னு கேட்டுட்டே இருந்தாங்க. இப்பத்தான் வந்துச்சு. குடுத்துருங்க."

உங்கள் பெயரைச் சொல்லிக் கொடுத்ததை உங்களுக்காக வாங்கிக்கொண்டேன். பஸ்ஸில் அழவில்லை. வீட்டுக்கு வந்து கல்லில் நூலால் கட்டி, இடது மூலையில் வைத்தேன். இப்போது அது அடர்ந்துவிட்டது. நேற்று அதற்குள் ஏழு குட்டிகளை எண்ணினேன்.

அடுத்த முறை அவரிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் அண்ணி. இன்னும் அந்தப் பக்கம் போகவில்லை.