தென்னகழிக்கு அனுப்பிய வெற்றோலை

நலம் பெருகுக. மழை தவறாத நீலவரை நாட்டின் முடியுடை அரசியார், நாரைக்கொடி உயர்த்தியவர், புதுநூல் மன்றின் தலைவி செங்கோதை மாதேவியார் திருவாய் மொழிந்தருளியபடி, ஓலைநாயகம் மாறஞ்சாத்தன் எழுதியது. தென்னகழிக் கோட்டைத் தலைவரும், பேரேரிக் காவலரும், மயிற்பீலிக் குடைக்கு உரியவருமாகிய எயினங்குமரனார் காண்க. உம் கோட்டையும் குடிகளும் வாழ்க. குடிகள் என்று யாம் சொல்வது மதிலுக்கு வெளியே இருப்பவரையும் சேர்த்துத்தான் என்பதை வாழ்த்தும்போதே சொல்லிவைக்கிறோம்.

இவ்வோலையை நின்றபடியே படிக்கவும். படித்து முடியும்வரை ஓவியர் பூதிநங்கையின் மேல் ஒருவர் விரலும் படலாகாது. உம்முடைய ஆள் வேளான் இவ்வோலைக்கு முன்பே வந்து சேர்ந்து, நடந்ததைத் தனக்குத் தோதாகச் சொல்லியிருப்பான். உள்ளபடி நடந்தது இது.

இவ்வாண்டுத் தைத் திங்களிலும் வழக்கம்போல் புதுநூல் மன்று கூடியது. நாட்டின் நான்கு திசையிலிருந்தும் புலவரும் ஓவியரும் தத்தம் ஏடுகளைச் சுமந்து வந்தனர். மலைப்பக்கத்தார் கரடிக் கதை கொண்டுவந்தனர். உப்பளத்தார் காற்றைப் பற்றிய பாட்டு கொண்டுவந்தனர். யானை வைத்திய நூல் ஒன்றின் படங்களில் நோயுற்ற யானைகளெல்லாம் சிரித்த முகமாயும் பாகர்கள் சாகக் கிடப்பவர் போலவும் அமைந்துவிட, அரசியாரே வாய்விட்டுச் சிரித்தருளினார். நீர் அனுப்பிய ஏடு அவிழ்க்கப்படும்வரை மன்று அப்படிக் கலகலப்பாகத்தான் இருந்தது.

நம் நாட்டு வழக்கம் நீர் அறிந்ததே. எழுத்தாணி கீறிய கோடு மை தேய்த்தால்தான் கண்ணுக்குப் புலப்படும். பாட்டோலைகளுக்கு ஊரிலேயே மை இட்டுவிடுவார்கள். சித்திர ஓலைகளுக்கு மட்டும் முதல் மை மன்றில்தான், அரசியார் திருமுன்னர்தான். ஆகவே நீர் பாட்டைப் படித்தீர், பூரித்தீர், பட்டில் சுற்றினீர், புரவலர் என்று உம் பெயரையும் பொறித்து அனுப்பினீர். படங்களை வெயிலில் சாய்த்துப் பிடித்திருந்தால் கோடுகள் ஓரளவேனும் தெரிந்திருக்கும். புகழைப் படித்து முடித்த கையோடு நீர் ஏட்டை மூடிவிட்டீர் போலும்.

அந்தப் பாட்டைப் பாடிய தாயங்காரியார் வேளானுக்குப் பின்னால் மன்றுக்குள் வந்தபோதே முகம் வெளிறியிருந்தார். சென்ற கார்காலத்தில் பேரேரிக் கரை உடைந்ததையும், நீர் மதில்மேல் நின்று வெள்ளத்தையே அதட்டித் திருப்பியதையும் அவர் பாடியிருந்தார். கேட்க இனிமையாகவே இருந்தது. வெள்ளத்தின் காதில்தான் விழவில்லை. படங்களில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. ஆனால் புறப்படும் நாளில் பூதிநங்கை ஏட்டை அவர் கையில் கொடுத்து, ஐயா பாடியது ஐயா நின்ற இடத்திலிருந்து, தான் கீறியது தான் நின்ற இடத்திலிருந்து என்று மட்டும் சொல்லியிருக்கிறாள். அந்தச் சொல் வழியெல்லாம் அவரைத் தூங்கவிடவில்லை.

மன்றத்தார் முதல் ஓலையில் மையைத் தேய்த்துத் துணியால் துடைத்தனர். உடைந்த கரை தெரிந்தது. அடுத்ததில் மதிலுக்கு வெளியே, வெள்ளம் கழுத்தளவு நின்ற கீழைப்பாக்கம் தெரிந்தது. மூன்றாவதில் உம் கோட்டைக் கதவு தெரிந்தது. கதவு மூடியிருந்தது. அதன்மேல் கைகள், ஒன்றன்மேல் ஒன்றாக, மரமே தெரியாத அளவுக்குக் கைகள். ஒருத்தி தன் பிள்ளையை முறத்தில் கிடத்தி மதிலை நோக்கித் தூக்கிப் பிடித்திருந்தாள். மதில்மேல் மயிற்பீலிக் குடை ஒன்று விரிந்திருந்தது. அந்தக் குடையை இந்நாட்டில் யாருக்கு அளித்தோம் என்று எவரும் எவரையும் கேட்கவில்லை. துடைத்தவர் துணியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றுவிட்டார்.

வேளான் முந்திக்கொண்டான். பாட்டும் படமும் முரண்பட்டால் பாடியவர் வாக்கே முடிவு என்றும், தலைவன்மேல் பொய்ச் சித்திரம் கீறிய கையை வெட்டுவது பழஞ்சட்டம் என்றும், அந்தக் கைக்கு உரியவள் உம் கோட்டையிலேயே தங்கியிருக்கிறாள் என்றும் விண்ணப்பித்தான். கடைசியில் சொன்னதைப் புலவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னான். சட்டம் அதுவே என்பதால் மன்றத்தாரால் மறுக்க முடியவில்லை.

அரசியார் புலவரை நோக்கி, வெள்ளத்தன்று கதவு திறந்திருந்ததா மூடியிருந்ததா என்று கேட்டருளினார்.

தாயங்காரியாரின் மனையாளும் பெண்மக்கள் இருவரும் உம் மதிலுக்குள் இருக்கிறார்கள். திறந்திருந்தது என்றால் பூதிநங்கையின் வலக்கை போகும். மூடியிருந்தது என்றால் தம் வீட்டுக்கு என்ன நேரும் என்பதை வேளானின் பார்வையே சொல்லிவிட்டது. எதுவும் சொல்லாமல் நின்றால் இரண்டும் போகலாம். அவர் மூன்றாம் ஓலையையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் இருந்த கதவின் உட்புறம் அவருக்கு நன்றாகத் தெரியும். அன்றைக்கு அவர் அதற்குப் பின்னால்தான் உலர்ந்த ஆடையோடு நின்றார். தட்டும் ஓசையைக் கேட்டார். ஓசை குறைந்ததையும் கேட்டார். பிறகு வீட்டுக்குப் போய், நீர் கேட்டபடி பாட்டு எழுதினார்.

அவர் மன்றின் நடுவே சென்று ஏட்டின் முன் அமர்ந்தார். மன்று ஏற்று முடிச்சிடும்வரை நூலிலிருந்து ஆசிரியன் தன் ஓலையை உருவிக்கொள்ளலாம், பிறர் ஓலையைத் தொடலாகாது என்பதும் நம் வழக்கமல்லவா? தம் பாட்டோலைகளை ஒவ்வொன்றாகக் கயிற்றிலிருந்து உருவினார். ஓலைகள் தரையில் சிதறின. பொறுக்கிக்கொண்டு எழுந்து, தாம் கதவுக்கு உள்ளே நின்றதாகவும், கதவு மூடியிருந்ததாகவும், தட்டியவர்களில் தம் உடன்பிறந்தாளும் ஒருத்தி என்றும், அவள் குரலை அறிந்தும் தாம் தாழைத் தொடவில்லை என்றும் சொன்னார். சொல்லிவிட்டு மன்றமே பார்க்க அழுதார். அரசவையில் புலவர்கள் அழுது பார்த்திருக்கிறோம்; பரிசில் குறைந்தால் அழுவார்கள். இந்த அழுகை அப்படிப்பட்டதன்று. எமக்கும் கண் கலங்கியது என்று எழுத யாம் நாணவில்லை.

எஞ்சியவை படங்கள் மட்டுமே; முரண்படப் பாட்டே இல்லாததால் பழஞ்சட்டத்துக்கும் இடமில்லை. பாட்டில்லாத நூலை மன்று ஏற்றதில்லையே என்று சிலர் முணுமுணுத்தனர். அரசியார் அரியணை விட்டிறங்கி, பாட்டு நின்ற இடத்தில் வெற்றோலை ஒன்றைக் கோக்கச் செய்து, தம் கையாலேயே முடிச்சிட்டருளினார். பூதிநங்கையின் நூல் ஏற்கப்பட்டது. அப்போது திரும்பிப் பார்த்தால் வேளானைக் காணோம். கொட்டிலில் விரைவுமிக்க குதிரை ஒன்றையும் காணோம். ஆகவேதான் சடங்குகளைக் குறைத்து, மை உலரும் முன்பே இவ்வோலையை அனுப்புகிறோம்.

இனி, கட்டளை. ஓவியர் பூதிநங்கையையும் புலவரின் மனையாளையும் மக்களையும், இவ்வோலை கொணர்ந்த மெய்க்காவற் படைத்தலைவரிடம் ஒப்படைப்பீராக. அவர்களுக்கு நல்ல உணவும் மூடுவண்டியும் அளிப்பீராக. ஏட்டில் கோத்த வெற்றோலைக்கு இணையான இன்னொன்று இதனுடன் வருகிறது. கதவை ஏன் மூடினீர் என்பதை அதில் நீரே எழுதவேண்டும். எழுத்தரை அழைக்கலாகாது, மையும் இடலாகாது. அதை எடுத்துக்கொண்டு அவர்களுக்குப் பின்னே நீரும் கோநகர் வருவீராக. உம் எழுத்தை மன்று காணும்படி பூதிநங்கை தன் வலக்கையால் மை தேய்ப்பாள். அந்தக் கைக்கு ஏதேனும் ஊறு நேர்ந்திருந்தால் நீர் எழுதவே வேண்டாம். ஓலையை வெறுமையாகவே திருப்பி அனுப்பும், எஞ்சியதை யாம் எழுதிக்கொள்வோம்.

இது அரசியார் ஆணை. நாரை இலச்சினை இட்டு, மன்றத்தார் அறிய, கோநகர் செம்மாடத்திலிருந்து விடுத்தது. ஓலை கொணர்ந்த படைத்தலைவர் ஒருவரே உள்ளே வந்திருக்கிறார். படை உம் வாயிலில் நின்று தட்டிக்கொண்டிருக்கிறது.

இம்முறை கதவைத் திறப்பீராக.