மண்டையோடும் இரண்டு கிளாஸ் சர்பத்தும்

என் அருமை அப்பாவுக்கு,

துர்க்கா பூஜை வந்துவிட்டது. பந்தலுக்கு மூங்கில் இறக்கிவிட்டார்கள். நம் தெருக் கமிட்டி, அஷ்டமியன்று போதை ஒழிப்பு பற்றி என்னைப் பேசச் சொல்லியிருக்கிறது. "உங்க அப்பாவோட அந்த மண்டையோட்டுப் படம் இன்னும் இருக்கா தீதி?" என்று கேட்கிறார்கள். ஆபீஸ் விட்டதும் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய் நீங்கள் காட்டிய படத்தை யாரும் மறக்கவில்லை, பாருங்கள்!

ஒரு இழுப்பு, நேரே சுடுகாடு. அதுதான் உங்கள் பேச்சு. முதல் வரிசைப் பிள்ளைகள் அழும், உங்களுக்கு அதில் ஒரு பெருமை வேறு. மாற்றலாகி கல்கத்தாவுக்கு வந்த புதிதில் சர்க்கார் லைசென்ஸ் கடையிலேயே கஞ்சா விற்றதைப் பார்த்தவர் நீங்கள். வெள்ளைக்காரன் கமிஷன் வைத்து விசாரித்து, அளவோடு இருந்தால் பெரிய கேடில்லை என்று எழுதிவைத்ததையும் படித்தவர். எண்பத்தைந்தில் கஞ்சாவைத் தடுத்துச் சட்டம் வந்ததும் எல்லாவற்றையும் மறந்துவிட்டீர்களே, எப்படி அப்பா?

பிறகு வந்தது அந்தப் பிஜயா, நம்ம ஊர் விஜயதசமி. துர்க்கையைக் கரைத்துவிட்டு வந்த மாலை, பக்கத்து வீட்டு மாஷிமா கொடுத்த சர்பத்தைப் பாதாம்பால் என்று நினைத்தீர்கள். "ஏட்டி, அமிர்தமால்லா இருக்கு!" என்று இன்னொரு கிளாஸும் கேட்டு வாங்கிக் குடித்தீர்கள். பிஜயாவுக்குக் கஞ்சா இலையை அரைத்துப் பாங் என்று கலப்பது அவர்கள் வழக்கம் என்று நமக்கு யார் சொன்னார்கள்? கொஞ்ச நேரத்தில் மின்விசிறியைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தீர்கள்.

மறுநாள் விஷயம் தெரிந்து முகம் செத்துப்போய்ச் சட்டப் புத்தகத்தைப் புரட்டினீர்கள். பூவுக்குத்தான் ஜெயில், இலை அந்தச் சட்டத்தில் வராது என்று கண்டுபிடித்த பிறகுதான் சாப்பிடவே உட்கார்ந்தீர்கள். ஒரே செடிதானே அப்பா? அதன்பின் மண்டையோட்டை நீங்கள் பெட்டியிலிருந்து எடுக்கவில்லை. ஏன்? அம்மாதான் ஒவ்வொரு பிஜயாவுக்கும் அந்தக் கதையைச் சொல்லி உங்கள் மானத்தை வாங்கினாள்.

இப்போது உங்கள் பேரன் கார்த்திக் சேதி. ஜாதவ்பூர் யுனிவர்சிட்டியில் படிக்கிறான். கோடை லீவில் ஒருநாள் தோசையைப் பிய்த்துக்கொண்டே சொன்னான்.

"அம்மா, நான் கஞ்சா அடிக்கிறேன். தினமும். பரீட்சையெல்லாம் கெட்டுப்போச்சு. விடணும்னு பாக்கறேன், தூக்கமே வர மாட்டேங்குது."

கையில் கரண்டி இருந்தது. ஓங்கிவிட்டேன்.

"தாத்தாவே ரெண்டு கிளாஸ் அடிச்சவர்தானே? நம்ம வீட்ல சொல்லலாம்னுதான் சொன்னேன்."

"அவர் தெரியாம குடிச்சார்டா, படவா!"

சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "பள்ளிக்கூடத்துல இதெல்லாம் சொல்லித்தரலையாடா?" என்று கேட்டேன்.

"சொன்னாங்க. ஒரு தடவை இழுத்தா செத்துடுவேன்னாங்க. இழுத்தேன், சாகலை. அப்புறம் அவங்க சொன்ன எதையுமே நம்பலைம்மா."

டாக்டரிடம் போனால் போலீஸ் வருமோ என்று பயந்தேன். அலிப்பூர் கோர்ட் படிக்கட்டு கண்முன் வந்து நின்றது. தானாகச் சிகிச்சைக்கு வருகிறவனைக் காப்பாற்ற அந்தச் சட்டத்திலேயே வழி வைத்திருக்கிறார்கள் என்று டாக்டரம்மா சொன்னபிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

இப்போது தூங்குகிறான் அப்பா. காலையில் பசிக்கிறது என்று எழுந்து வருகிறான். முழுசாக விட்டுவிட்டானா என்றால், நடுவில் ஒருமுறை தவறினான். அதையும் அவனே வந்து சொன்னான். எனக்கு அது போதும்.

அஷ்டமியன்று மண்டையோட்டைக் கொண்டுபோக மாட்டேன். அவன் தூக்கம் கெட்டதை, பரீட்சை கெட்டதை, நடந்ததை நடந்தபடி சொல்வேன். கார்த்திக்கும் மேடைக்கு வருகிறேன் என்கிறான். உங்கள் இரண்டு கிளாஸையும் சொல்லத்தான் போகிறேன், பல்லைக் கடிக்காதீர்கள். அந்தக் கதை நம் வீட்டில் இல்லாதிருந்தால் என் பிள்ளை வாயே திறந்திருக்க மாட்டான்.

உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். இனி எந்தப் பிள்ளை எதைச் சொல்ல வந்தாலும், கரண்டியைக் கீழே வைத்துவிட்டுத்தான் கேட்பேன்.

உங்கள் மகள்,
கார்த்திக்கின் அம்மா