போஸ்ட்டுக்குப் பின்னால் ஒரு போன்

மார்ச் 6, வெள்ளி

காலையிலேயே வெக்கை. மெடிக்கலில் ஃபேன் ஓடவில்லை. சொன்னால் கடை முதலாளி அண்ணாச்சி, "கடக்கரையில இருந்துக்கிட்டு ஃபேன் கேக்கியே பிள்ளே" என்கிறார். முட்டத்துக் கடல்காற்று மருந்துக்கடைக்குள் வந்து நான் இதுவரை பார்த்ததில்லை.

இன்றைக்கு: என் அம்மைக்கு பிரஷர் மாத்திரை. கேஸ் புக் பண்ண. சாயங்காலம் சிலுவைப் பாதை. புது ஆப் இறக்க.

ஆப்தான் பெரிய வேலை. நாளைக்கு என் வீட்டுக்காரருடைய கிளப்புக்கு இந்த சீசனின் முதல் மேட்ச், கொல்கத்தாவில். போன வருஷம்வரை ரிமோட்டை அமுக்கினால் போதும். பச்சைப் புல், மஞ்சள் ஜெர்ஸி, கோல் போஸ்ட்டில் என் ஆன்றோ. கிட்டக் காட்டும்போது தாடியில் வியர்வைகூடத் தெரியும். இப்போது டி.வி.க்காரர்களின் ஒப்பந்தம் முடிந்து, புதிதாக யாரும் எடுக்காமல், லீக் நடக்குமா நடக்காதா என்று மாதக்கணக்கில் இழுத்து, கடைசியில் எவனோ ஒரு ஆப்காரன் எடுத்திருக்கிறான். அதற்குள் கிளப்பில் சம்பளத்தைக் குறைத்தார்கள். ஆளையும் குறைத்தார்கள். போஸ்ட் காக்க மூன்று கோலி இருந்த இடத்தில் இப்போது இரண்டே பேர். இவர் இரண்டாவது.

கொழுந்தன் பிரிட்டோ வந்து ஆப்பை இறக்கித் தந்தான். "மைனி, இங்கிலீஷ்காரன் ஃபுட்பால் களி ஒண்ணுல, ஸ்பெயின்காரன் களி இன்னொண்ணுல, நம்ம அண்ணன் களி இதுல. ஒவ்வொண்ணுக்கும் ஒரு பாஸ்வேர்டு. களிக்கவனுக்குக்கூட இவ்வளவு பாடு இல்ல."

இவர் பெஞ்சில்தான் இருப்பார். அது ஒன்றுதான் ஆறுதல். போன சீசன் கடைசியில் இவருக்கு அடிபட்டது. எதிராளியின் முட்டி, பிறகு போஸ்ட், இரண்டும் தலையில். எழுந்து கட்டைவிரலைக் காட்டினார், எல்லாரும் நம்பினார்கள். டி.வி.யில் மெதுவாகத் திருப்பிப் போட்டபோதுதான் தலை மோதியது தெரிந்தது. கிளப் டாக்டரம்மா அதைப் பார்த்துவிட்டு ஓடிப்போய் இவரை வெளியே கூட்டிவந்தார். பிறகு ஸ்கேன், ஓய்வு, எல்லாம் ஆகி, இப்போது களிக்கலாம் என்று சொல்லியாயிற்று. "ஆனா அதே தலையில இன்னொண்ணு பட்டா தாங்காது" என்றும் சொன்னாராம். எது தாங்காது என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

மார்ச் 7, சனி

மேட்ச் நட்ட மத்தியானம். ராத்திரி என்றால் லைட் போடவேண்டும், செலவு. டி.வி. இல்லாத களிக்கு எதற்கு லைட் என்று விட்டுவிட்டார்கள்போல.

ஒரே ஒரு கேமரா. அதுவும் எங்கேயோ மேலே. ஆட்கள் எல்லாம் முறத்தில் கொட்டிய அரிசி. பேர் போடவில்லை. நம்பர் தெரியவில்லை. மஞ்சள் ஜெர்ஸி போட்டு ஒரு கோலி. இரண்டு போஸ்ட்டையும் தொட்டுவிட்டு வந்து நின்றான். இவரும் அப்படித்தான் தொடுவார். பெஞ்சில் இருப்பேன் என்று பொய் சொல்லிவிட்டார், மனுஷன் இறங்கிவிட்டார் என்றே நினைத்தேன்.

அம்மை ஸ்கிரீனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தாள். எப்போதும் அப்படித்தான்.

இரண்டாம் பாதியில் மூன்று பேர் சேர்ந்து விழுந்தார்கள். மஞ்சள் அடியில். அந்த நேரம் பார்த்துப் படம் நின்றுபோயிற்று. வட்டம் சுற்றுகிறது. சுற்றுகிறது. நான் போனைப் பிடித்து உலுக்கினேன், உலுக்கினால் வருமா? பிரிட்டோ, "நெட் இல்ல மைனி, அவனுவ சைடுதான் போச்சு" என்றான். படம் வந்தபோது ஸ்ட்ரெச்சர். மஞ்சள் ஜெர்ஸி படுத்திருக்கிறது. நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரி ஓடிவந்துவிட்டாள்.

அப்புறம் பெஞ்சிலிருந்து இன்னொரு மஞ்சள் ஓடிவந்தது. கோட்டுக்கு வெளியே குனிந்து மண்ணைத் தொட்டு நெற்றியில் சிலுவை போட்டது. அது இவர். அடிபட்டது அந்த முதல் கோலி.

சிரித்தேன். வாய்விட்டுச் சிரித்தேன். எழுதவே கூசுகிறது. அந்த ஸ்ட்ரெச்சரில் போனவனுக்கும் ஒரு வீடு இருக்கும், அங்கேயும் இதே வட்டம் சுற்றியிருக்கும்.

சிரிப்பு அடங்கின பிறகுதான் உறைத்தது. ஒருத்தன் போனால் மிச்சம் இவர் மட்டும்.

மார்ச் 8, ஞாயிறு

பூசைக்குப் போனேன். பிரசங்கம் ஒன்றும் காதில் விழவில்லை. வந்து போன் போட்டேன்.

"பெஞ்சுல இருப்பேன்னுதானே சொன்னிய?"

"பெஞ்சுலதாம்ட்டி இருந்தேன். அவனுக்குக் கால்முட்டு போச்சு. போஸ்ட்ட சும்மா போட்டுட்டு இருக்கச் சொல்லுகியா?"

"அடுத்த மேட்ச்?"

"நான்தான். வேற ஆளு ஏது? நல்லாக் களிச்சா அடுத்த வருஷத்துக்கும் காண்ட்ராக்ட் எழுதிக் குடுப்பான். நீ பேசாம இரு மக்கா."

போனை வைத்தேன். உள்ளே ஒரு கூட்டமே கத்திக்கொண்டிருந்தது.

அப்பா புயல் வருஷம் கடலுக்குப் போனவர். படகும் வரவில்லை, உடலும் வரவில்லை. அம்மையும் நானும் பாறைமேல் நின்று கடலைப் பார்த்தோம். அங்கே பார்க்க ஒன்றுமே இல்லை, அதுதான் கொடுமை. அன்றைக்கே முடிவு செய்தேன், வேலை செய்கிற இடத்தில் கண்ணுக்குத் தெரிகிறவனைத்தான் கட்டுவேன் என்று. ஆன்றோ பெண் பார்க்க வந்த அன்று மற்றவர்கள் சம்பளத்தைக் கேட்டார்கள். நான் கேட்டது ஒன்றே ஒன்று: "எல்லா மேட்சும் டி.வி.யில வருமா?"

வரும் என்றார். பாவம், அன்றைக்கு அது உண்மைதான்.

மார்ச் 12, வியாழன்

கடையில் கூட்டம். ஊரெல்லாம் இருமல். அண்ணாச்சி இருமல் மருந்து தீர்ந்துபோச்சு என்று என்னைத் திட்டினார். நான்தான் குடித்தேன்போல.

சனிக்கிழமை மேட்ச் வெளியூர் மைதானத்தில். ஆப்பில் ஒரு வரி போட்டிருக்கிறான்: இந்த ஆட்டம் ஒளிபரப்பாகாது. காரணம் இல்லை. மன்னிப்பு இல்லை. சவத்தெழவு.

பிரிட்டோ எங்கெங்கேயோ தேடினான். திருட்டு லிங்க்கூடக் கிடையாதாம். "படம் பிடிச்சாத்தானே மைனி திருட?"

அம்மை மீன் கழுவிக்கொண்டே, "கண்ணுக்குத் தெரிஞ்சா மட்டும் கைநீட்டிப் பிடிச்சிருவியாட்டி?" என்றாள். எழுந்து போய்விட்டேன். கோபம் வந்தால் எனக்கு அழுகைதான் முதலில் வருகிறது, அதில் ஒரு கோபம்.

சாயங்காலம் அவரே கூப்பிட்டார். கிளப்பில் ஜெர்ஸி, பந்து எல்லாம் பார்த்துக்கொள்கிற மலையாளத்துக்காரர் பிஜு சேட்டனிடம் பேசிவிட்டாராம். வலைக்குப் பின்னால் தண்ணீர் பாட்டில் பெட்டியில் போனைச் சாய்த்துவைத்து, மேட்ச் முழுக்க எனக்கு வீடியோ கால். பிஜு சேட்டன் போனை வாங்கி, "மோளே, பயப்படண்டா, ஞான் இல்லே இவிடெ" என்றார், நான் இங்கே இருக்கிறேனே என்று. பாதி உயிர் திரும்பி வந்தது. மீதி சனிக்கிழமை.

மார்ச் 14, சனி

எழுத்து கோணிப்போகிறது. போகட்டும்.

போனில் தெரிந்தது: வலை. வலைக்குள் அவர் முதுகு. அவ்வளவுதான். ஆனால் இவ்வளவு கிட்டத்தில் டி.வி. ஒருநாளும் காட்டியதில்லை. மூச்சு வாங்குவது தெரிந்தது. தடுப்பு ஆட்டக்காரர்களைப் பார்த்து, "ஏலே, ஆளப் பிடில! ஆளப் பிடி!" என்று நம் பேச்சில் கத்துகிறார். ஒருத்தனுக்கும் புரியாது, எல்லாரும் தலையாட்டுகிறார்கள். அம்மைகூடத் திரும்பிப் பார்த்தாள். "மாப்பிள்ளைக்கு முதுகு மெலிஞ்சுபோச்சு" என்றாள்.

கார்னர் கிக். பந்து உயர வந்தது. இவர் குதித்தார். நாலைந்து பேர் மேலே விழுந்தார்கள். தலை போஸ்ட்டில் பட்ட சத்தம் போனில் கேட்டது. "டங்" என்று. தேங்காய் உடைக்கிற சத்தம் இல்லை, காலிக் குடத்தை வைக்கிற சத்தம்.

எழுந்தார். நடுவரைப் பார்த்துக் கட்டைவிரல். எல்லாரும் திரும்பிப் போனார்கள்.

பிறகு வலைப்பக்கம் திரும்பினார். போனுக்கு நேரே. நான் இருக்கிறேன் என்று தெரியும், ஆனாலும் என்னைப் பார்க்கவில்லை. கண் எங்கேயோ போயிற்று. போஸ்ட்டைப் பிடிக்கக் கையை நீட்டினார். கை போஸ்ட்டுக்கு ஒரு சாண் தள்ளிப் போயிற்று. இரண்டாம் தடவைதான் அகப்பட்டது.

இதை நான் மட்டும் பார்த்தேன். திருப்பிப் போட ஒரு கேமரா இல்லை. டாக்டரம்மா அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாராம். மேட்ச் முடியும்வரை இவர் அப்படியே நின்று களித்தார். நான் "பிஜு சேட்டா, பிஜு சேட்டா" என்று கத்தியது யார் காதிலும் விழவில்லை. சேட்டன் பந்து பொறுக்கப் போயிருந்தார்.

பிறகு போன் போட்டேன். "ஒண்ணுமில்லட்டி. ஜெயிச்சோம். பாத்தியா?"

பார்த்தேன்.

மார்ச் 15, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை.

காலையில் அவரிடமிருந்து மெசேஜ்: "வாந்திக்கு என்ன மாத்திரை?"

யாருக்கு என்று கேட்டேன்.

"கூட இருக்கவனுக்கு."

கூட இருந்தவன் முட்டு போய் ஆஸ்பத்திரியில் கிடக்கிற அந்த முதல் கோலி. ரூமில் இவர் மட்டும்தான் இருக்கிறார். பொய் சொல்லவும் ஒரு அறிவு வேண்டாமா?

அம்மையிடம் சொன்னேன். அம்மை ஜெபமாலையை மடியில் வைத்தாள். "டாக்டரம்மாட்ட சொன்னா என்ன ஆகும்?"

"களிக்க விடமாட்டாவ. அடுத்த வருஷம் எழுதிக் குடுக்க மாட்டாவ. என்கூடப் பேச மாட்டாரு."

"சொல்லலேன்னா?"

நான் அந்த மெசேஜையே பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மையே தொடர்ந்து, "உங்கப்பன் போன அன்னைக்கு எனக்கு வானம் சரியில்லன்னு தோணிச்சு. சொன்னா வள்ளத்துல ஏறாம நின்னிருவானோன்னு சொல்லாம இருந்தேன். அன்னைக்கு வீட்டுல அரிசி இல்ல" என்றாள். இத்தனை வருஷத்தில் என்னிடம் இதைச் சொன்னதே இல்லை. சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

பிஜு சேட்டனுக்குப் போன் போட்டேன். டாக்டரம்மாவிடம் கொடுக்கச் சொன்னேன். என் இங்கிலீஷ் பாதி, பிஜு சேட்டன் மீதி. டாக்டரம்மா கேட்டார், "மேட்ச் எங்கேயும் காட்டவில்லையே, நீங்கள் எப்படிப் பார்த்தீர்கள்?" வலைக்குப் பின்னால் இருந்தேன் என்றேன்.

எனக்குக் காட்டவேண்டும் என்று ஆசையாக வைத்த போன். அதை வைத்தே காட்டிக்கொடுத்துவிட்டேன்.

மார்ச் 16, திங்கள்

கடையில் இரண்டு பேருக்கு மாத்திரை மாற்றிக் கொடுக்கப் பார்த்தேன். அண்ணாச்சி பிடுங்கி வைத்துவிட்டு, "போயி உக்காரு பிள்ளே" என்றார். திட்டவில்லை. அதுவே பயமாக இருந்தது.

மத்தியானம் பிஜு சேட்டன் பேசினார். டாக்டரம்மா இவரைக் கண்ணை மூடி ஒற்றைக்காலில் நிற்கச் சொன்னாராம். சரிந்துவிட்டாராம். நேரே ஸ்கேனுக்கு. ரத்தக் கசிவு இல்லை. ஆனால் இந்த சீசன் முடிந்தது. அடுத்தது பற்றி அப்புறம். ரெண்டு மூணு நாள் பார்த்துவிட்டு வீட்டுக்கு அனுப்புவார்கள்.

பிறகு அவர்.

"நீயா சொன்னே?"

"ஆமா. நான்தான்."

"யாரும் பாக்கலட்டி. ஒருத்தனும் பாக்கல. நீ மட்டும் வாயப் பொத்திக்கிட்டு இருந்திருந்தா..."

"நான் பாத்தேன்லா."

வைத்துவிட்டார். அதற்குப் பிறகு போன் எடுக்கவில்லை. அடித்துக்கொண்டே இருக்கிறேன். எடுக்காத ஒவ்வொரு தடவையும், கோபமா, மயங்கிக் கிடக்கிறாரா? இரண்டுக்கும் போனில் ஒரே சத்தம்தான்.

மார்ச் 20, வெள்ளி

விடியும் முன்பே மழை தூறி நின்றது. வெக்கை குறையவில்லை.

நேற்று சென்னையில் வண்டி மாறியிருக்கிறார். பிஜு சேட்டன் சொன்னதுதான். "எப்ப வருவிய?" என்று மெசேஜ் போட்டேன். கடலுக்குப் போகிற அப்பாவிடம் அம்மை ஒருநாளும் அதைக் கேட்டதில்லை, கேட்கக்கூடாது என்பாள். நான் கேட்டேன். பார்த்திருக்கிறார், நீல டிக் விழுந்தது. பதில் இல்லை.

ரயில் எங்கே வருகிறது என்று காட்டுகிற ஆப் ஒன்று இருக்கிறது. அதற்குப் பாஸ்வேர்டு இல்லை, உரிமையை யாரும் வாங்கவில்லை, இலவசம். ஒரு புள்ளி நகர்கிறது. அந்தப் புள்ளிக்குள் கோபமாக ஒரு மனுஷன். விருதுநகர் தாண்டி ரொம்ப நேரம் அசையவில்லை. தலை சுற்றி கதவுப்பக்கம் நின்றிருந்தால்? பாத்ரூமில் விழுந்திருந்தால்? பக்கத்து சீட்காரனுக்கு இவர் யார் என்று தெரியுமா?

சாளை மீன் வாங்கிவந்தேன். அவியல் வைத்தாயிற்று. உப்புப் போட்டேனா என்று ஞாபகம் இல்லை. என்ன பேசுவார்? பேசுவாரா? வந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்தால்? படுக்கட்டும். வீட்டுக்குள்தானே.

போன் சத்தம். அவர் மெசேஜ்.

"திருநெல்வேலி."

வேறு ஒரு வார்த்தையும் இல்லை. ஆப்பில் பார்த்தேன். திருநெல்வேலிதான்.

அம்மையிடம் காட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தாள். மறுபடியும் படித்தாள்.

அவருடைய அடுத்த மெசேஜ்: "வள்ளியூர்."

பிரிட்டோ ஆட்டோ கொண்டுவந்துவிட்டான். இரணியல் ஸ்டேஷன் வரை போகவேண்டும். தலைகூட வாரவில்லை.

"நாகர்கோவில் டவுன்."