கோமேதகக் கண் ஆந்தை

ஜனவரி 18

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீ அனுப்பிய வெள்ளி நாணயம் நேற்று ரேஷன் ஜீப்பில் வந்து சேர்ந்தது. நீர்நாய் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் நீலக்கல் கண் வைத்த நீர்நாயை எந்தக் காட்டில் பார்த்தாய்? எங்கள் காட்டு முகாமின் காவல் வாட்சர் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்னம்மா, உங்க அண்ணன் இதுக்குக் கல்யாண ஜோடனை பண்ணி விட்டிருக்காரு" என்றார். நாணயச்சாலையில் பதினாறு வருஷமாக அச்சு செதுக்குகிறாய், பெரிய மனுஷா. இதையும் நான்தான் சொல்லித்தர வேண்டுமா?

சரி, திட்டியது போதும். கூடு கிடைத்துவிட்டது! மூன்று வருஷம் ஆற்றோரமெல்லாம் நாயாக அலைந்தேனே, அந்த மீன் ஆந்தையின் கூடு. ஒரு ஜோடிதான். நமக்குத் தெரிந்து வேறு கூடு எங்கேயும் இல்லை. மேலிருந்து கீழ்வரை இரண்டாகப் பிளந்த பாறையில், பிளவுக்குள் ஒரு திட்டின்மேல் உட்கார்ந்திருக்கிறது மகராசி. ஒரு முட்டை. முதலில் பார்த்தது வாட்சர்தான். நான் பக்கத்தில் நின்று அழுதேன்.

அடுத்த நாணயம் ஆந்தை என்றாயே, இதோடு இருபது படம் வைத்திருக்கிறேன். கண் மஞ்சள் இல்லை, தேன் நிறம். பாறையையும் மரத்தையும் உன் இஷ்டத்துக்கு ஜோடிக்காதே. உள்ளதை உள்ளபடி செய்.

இங்கே போன் எடுக்காது, தெரியும்தானே. ஒழுங்காக எழுது. அண்ணியைக் கேட்டதாகச் சொல்.

உன் நொட்டைக்காரி

•

பிப்ரவரி 9

அன்புத் தங்கச்சிக்கு,

காக்காவுக்கு மூன்று விரல் வரைந்துவிட்டேன் என்று ஐந்து வயதில் தரையில் புரண்டு அழுதவள் நீ. நொட்டை சொல்லாமல் உன்னால் இருக்க முடியாது. ஆனால் நீர்நாய் விஷயத்தில் நீ சொன்னது சரி. அந்தக் கல்லைத் தேர்ந்தெடுத்தது நான் இல்லை, விற்பனைப் பிரிவு. இந்த முறை விடவில்லை. கோமேதகம் என்று பிடிவாதம் பிடித்து வாங்கிவிட்டேன். கல் பதிக்கிற அம்மாள்தான் என்மேல் காய்கிறார். "ஒரு நாணயத்துக்கு ரெண்டு கண்ணா சார்? ரெண்டாயிரம் நாணயம் முடியறதுக்குள்ள என் கண்ணு ரெண்டும் போயிடும்" என்கிறார்.

தட்டு அகலத்துக்குப் பிளாஸ்டரில் ஆந்தையைச் செய்து முடித்துவிட்டேன். இதைத்தான் மெஷின் சின்னதாக்கி எஃகு அச்சில் வெட்டும். பிறகு நான் உளியால் திருத்துவேன். பின்னணிக்கு வெறும் கிளை போதும் என்றது கமிட்டி. நான் ஒத்துக்கொள்ளவில்லை. என் தங்கச்சி மூன்று வருஷம் அலைந்து கண்டுபிடித்த இடம் அது. உன் பாறை, பிளவு, அதன் குறுக்கே வளைந்து கிடக்கிற மரம், வேர் எத்தனை என்பதுகூட உன் படத்தில் எண்ணிப் போட்டது. பிளாஸ்டரின் போட்டோ இதோடு வைத்திருக்கிறேன். இதில் ஒரு குறை கண்டுபிடி பார்க்கலாம்.

உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? அண்ணி கம்பளி ஒன்று அனுப்பியிருக்கிறாள். பெட்டிக்குள் வைத்துப் பூட்டாதே, போர்த்திக்கொள்.

அண்ணன்

•

மார்ச் 2

அன்புள்ள அண்ணாவுக்கு,

குறை இல்லை. எழுதவே கை வரவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். ஒரு குறையும் இல்லை. போட்டோவைப் பார்த்ததும் அந்த இடத்தின் ஈரவாடை எனக்கு அடித்தது.

முட்டை பொரிந்துவிட்டது. குஞ்சு நனைந்த பஞ்சு மாதிரி இருக்கிறது.

ஆனால் அண்ணா, ஒரு விஷயம். வாட்சரிடம் போட்டோவைக் காட்டினேன். முதலில் வாயெல்லாம் பல். பிறகு முகம் மாறிவிட்டது. "அம்மா, இந்த ஆத்துல படகு ஓட்டுற எவனுக்கும் இந்தப் பாறை தெரியும். இதக் காட்டினா கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போய் விட்டுடுவானே" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எனக்கு ஏன் முதலிலேயே தோன்றவில்லை? உயிரோடு இந்த ஆந்தையைக் கேட்கிற ஆட்கள் இருக்கிறார்கள், அவர்களுக்குப் பிடித்துக் கொடுக்கவும் ஆட்கள் இருக்கிறார்கள். அதற்காகத்தான் எங்கள் அறிக்கையில்கூட இடத்தைப் போடுவதில்லை.

பிளவை மட்டும் மூடிவிடு. மரத்தை நிமிர்த்திவிடு. உள்ளதை உள்ளபடி செய் என்று நான்தான் சொன்னேன், இப்போது நானே வேண்டாம் என்கிறேன். கோபித்துக்கொள்ளாதே. உனக்குப் புண்ணியமாகப் போகும்.

உன் நொட்டைக்காரி

•

மார்ச் 11

அன்புத் தங்கச்சிக்கு,

உன் கடிதம் நேற்று முன்தினம் கிடைத்தது. கொஞ்சம் பிந்திவிட்டது அம்மா. அச்சை உலையில் வைத்து இறுக்கியாகிவிட்டது. இறுகிய எஃகில் என் உளி ஒரு கீறல்கூடப் போடாது. புதிதாக வெட்டுவதென்றால் வெளியீட்டுத் தேதியே தள்ளிப்போகும், மேலே ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

வாட்சர் நல்ல மனிதர், அதனால் பயப்படுகிறார். நீயும் சேர்ந்து பயப்படாதே. இதை வாங்குகிறவர்கள் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். நகக்கண் அளவுப் பாறையை யார் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கப்போகிறார்கள்? ஆந்தைக் கண்ணைத் தாண்டி எவன் பார்வையும் போகாது.

நிம்மதியாக இரு. வேளாவேளைக்குச் சாப்பிடு.

அண்ணன்

•

மார்ச் 24

அன்புள்ள அண்ணாவுக்கு,

சரி, ஆனது ஆகிவிட்டது. நான்தான் பிந்திவிட்டேன்.

வாட்சர் இப்போது பாறைக்குக் கீழேயே கூடாரம் போட்டுவிட்டார். குஞ்சு பறக்கும்வரை நகரமாட்டாராம். சோறு கட்டிக் கொடுத்தனுப்பும்போதெல்லாம் அவர் மனைவி என்னைப் பிடித்துக்கொள்கிறார். "ஆந்தைக்குக் காவலாம். வீட்டுல நான் ஒருத்தி இருக்கேன், எனக்கு யாரு காவல்?" என்று சிரித்துக்கொண்டேதான் கேட்கிறார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

கம்பளி வந்தது. அதை அவருக்குக் கொடுத்துவிட்டேன். அண்ணியிடம் சொல்லாதே.

உன் நொட்டைக்காரி

•

மே 6

அன்புத் தங்கச்சிக்கு,

வெளியிட்டு நாற்பதே நிமிஷம், ரெண்டாயிரமும் தீர்ந்துவிட்டது! பத்திரிகைக்காரர்கள் பட்டறைக்கே வந்துவிட்டார்கள். கல் பதிக்கிற அம்மாளையும் பிடித்து நிறுத்திப் படம் எடுத்தார்கள். இத்தனை வருஷத்தில் மேலதிகாரி என் கையைப் பிடித்துக் குலுக்கியது இதுதான் முதல் தடவை.

முதல் எண் நாணயத்தைச் செதுக்கியவனுக்குக் கொடுப்பது வழக்கம். அது உனக்குத்தான். பெட்டியோடு அனுப்பியிருக்கிறேன். வெயிலில் காட்டிப் பார், கண் விழித்துக்கொள்ளும்.

அண்ணன்

•

ஜூன் 1

அண்ணா,

வாட்சர் போய்விட்டார்.

போன செவ்வாய்க்கிழமை விடியற்காலை மூன்று பேர் படகில் வந்திருக்கிறார்கள். முதல்நாள் துறையில் படகுக்காரரிடம் உன் நாணயத்தை நீட்டி, "இந்தப் பாறை எங்க இருக்கு?" என்று கேட்டிருக்கிறார்கள். அவர் சூதுவாது தெரியாதவர். "பிளந்த பாறைதானே, மூணாவது வளைவு" என்று சொல்லிவிட்டார். இப்போது தலையில் அடித்துக்கொண்டு திரிகிறார்.

அவர்கள் ஏறுவதைப் பார்த்து வாட்சரும் மேலே ஏறியிருக்கிறார். திட்டின்மேல் வைத்துத் தள்ளிவிட்டார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது உயிர் இருந்தது. "குஞ்சு... பாருங்கம்மா" என்றார். ஜீப் வருவதற்குள் முடிந்துவிட்டது. அண்ணி கொடுத்த கம்பளியில்தான் சுற்றித் தூக்கினோம்.

அந்த மூன்று பேரும் செக்போஸ்ட்டில் அகப்பட்டார்கள். சாக்குக்குள் தாயும் குஞ்சும். இரண்டுமே மூச்சு முட்டிச் செத்திருந்தன. ஒருவன் சட்டைப்பையில் நாணயம், எண் அறுநூற்றுப் பதினொன்று. அடையாளம் சொல்ல என்னைக் கூப்பிட்டார்கள். சொன்னேன். ஆண் ஆந்தையைக் காணவில்லை.

உன்மேல் எனக்கு வருத்தம் இல்லை அண்ணா. நீலக்கண் என்று கேலி செய்தது நான், படம் அனுப்பியது நான், உள்ளபடி செய் என்றதும் நான். இறுகிப்போன அச்சை வைத்துக்கொண்டு நீ என்ன செய்வாய்? நான் இரண்டு வாரம் முந்தி எழுதியிருந்தால் அந்த மனிதர் இன்றைக்கு இருப்பார். அது ஒன்றுதான் என்னைப் போட்டு அறுக்கிறது.

நொட்டைக்காரி

•

ஜூன் 13

அன்புத் தங்கச்சிக்கு,

இதை நான்கு தடவை எழுதிக் கிழித்தேன்.

நீ பிந்தவில்லை. உன் கடிதம் வந்த அன்றைக்கு அச்சு என் மேசைமேல்தான் இருந்தது. இறுகவில்லை. ஒன்பது நாள் கழித்துத்தான் உலைக்குப் போனது. பிளவை மூட அரைமணி நேரம் போதும். உன் கடிதத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உளியை எடுத்துப் பிளவின்மேல் வைத்தேன். அமுக்க மனசு வரவில்லை. அதைவிட நல்லதை நான் செய்ததில்லை, இனிமேல் செய்யப்போவதும் இல்லை என்று தெரிந்தது. யார் உற்றுப் பார்க்கப்போகிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதைத்தான் உனக்கும் எழுதினேன்.

பழியை நீ சுமப்பதைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை, அதனால் சொல்கிறேன். போலீஸில் சொல்வதானால் சொல். வேலையை விட்டுவிடச் சொன்னால் விட்டுவிடுகிறேன். வாட்சர் மனைவியின் காலில் விழ நான் வரட்டுமா? ஆண் ஆந்தை திரும்பி வந்ததா? வேறெங்காவது கூடு வைத்திருக்கிறதா? அதையாவது எழுது. ஒரு வரி போதும்.

உன் அண்ணன்

•

ஜூலை 4

அண்ணாவுக்கு,

கடிதம் கிடைத்தது. இரண்டு தடவை படித்தேன்.

நீ வர வேண்டாம். நாணயத்தை எடுத்துக்கொண்டு நானே அந்த அக்கா வீட்டுக்குப் போனேன். எங்க அண்ணன் செய்தது, மாற்ற நேரம் இருந்தது, மாற்றவில்லை என்று சொன்னேன். அவர் நாணயத்தை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அந்தப் பாறைக்கு அவர் போனதே இல்லை. கால் ஊன்ற முடியாதவர், போகவும் முடியாது. ஆந்தையின் கண்ணை அவர் பார்க்கவே இல்லை அண்ணா. பிளவின்மேல் கட்டைவிரலை வைத்து, திட்டைத் தடவிப் பார்த்து, "இங்கயாம்மா விழுந்தாரு?" என்று கேட்டார். "ஆமாக்கா, இங்கதான்" என்றேன். "அப்படியேவா இருக்கும்?" என்றார். "அப்படியேதான் இருக்கும்" என்றேன். "நானே வெச்சுக்கட்டுமா?" என்றார். கொடுத்துவிட்டு வந்தேன்.

நான் இந்த முகாமை விட்டு மாற்றல் வாங்கிக்கொண்டேன். புது விலாசம் எழுதவில்லை.

ஆண் ஆந்தை வந்ததா, வேறெங்காவது கூடு வைத்திருக்கிறதா என்று கேட்டிருக்கிறாய். எனக்குத் தெரியும். உனக்குச் சொல்ல மாட்டேன்.

தங்கை