அமாவாசை பேக்கப்

இன்று காலை கிளவுட் பில் வந்தது. பார்த்ததும் நான் போட்ட சத்தத்தில் உன் தங்கை கையிலிருந்த டீயைக் கீபோர்டில் கொட்டிவிட்டாள். குறைந்துவிட்டதடி! கடை வாடகையை எட்டிப் பிடிக்க ஓடிக்கொண்டிருந்த பில், இப்போது நம் டீச் செலவுக்கும் கீழே வந்து நிற்கிறது. அதுவும் ஒரே ஒரு டிசைனைக்கூட அழிக்காமல். இந்தச் சேதியின் ருசி உனக்குத்தான் தெரியும். நீ போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இருந்தாலும் உனக்குத்தான் எழுதத் தோன்றுகிறது.

அழிக்கக் கூடாது என்பது நீ போட்ட சட்டம். சின்ன காஞ்சிபுரத்தில் ஒற்றை அறை எடுத்து நாம் டிசைன் சென்டர் தொடங்கியபோது நம்மிடம் இருந்தது ஒரு கம்ப்யூட்டரும் நிறைய வாயும்தான். பட்டுப்புடவையின் பார்டரையும் முந்தியையும் திரையில் கட்டம் கட்டமாக வரைந்து, ஜக்கார்டு தறிக்குப் புரிகிற ஃபைலாக்கிக் கொடுப்போம். இந்த ஊரில் யார் டிசைன் நம்பர் சொல்லிக் கேட்கிறார்கள்? "எங்க பெரிய பொண்ணுக்குப் போட்டீங்களேமா, அதே பார்டர் சின்னவளுக்கும் வேணும்" என்று வந்து நிற்பார்கள். நீ என்னைத் திரும்பிப் பார்த்து, "பெரியவளுக்கு ஒண்ணு, சின்னவளுக்கு இன்னொண்ணுன்னா வீடே ரெண்டாயிடும்பா. ஒண்ணையும் அழிக்காத" என்பாய்.

பேக்கப்புக்கு அமாவாசையைக் குறித்ததும் நீதான். அன்றைக்கு ஊரில் தறி ஓடாது, ஃபைல் கேட்டு யாரும் போன் செய்யமாட்டார்கள், நிம்மதியாக எல்லாவற்றையும் மேலே ஏற்றலாம். "அமாவாசையை நான்தானேடி பார்க்கணும், உனக்கென்ன?" என்று நான் சீண்டினால், "நீ பார்க்காம விட்டாலும் நாங்க விடமாட்டோம். மறுநாள் எங்களுக்குப் பிறை பார்க்கணுமே" என்று சிரிப்பாய். உன் பேக்கப் சும்மா பேக்கப்பா? ஒவ்வொரு முறையும் முதல் டிசைனிலிருந்து கடைசி டிசைன் வரைக்கும் மொத்தமும் ஏறும். மாற்றியதை மட்டும் ஏற்றலாமே என்றால் காதில் வாங்கமாட்டாய்.

நீ ஆஸ்பத்திரியில் இருந்தபோதும் அது ஏறிக்கொண்டுதான் இருந்தது. நீ போன பிறகும் ஏறியது. பில்லும் கூடவே ஏறியது. உன் பங்கை எடுத்துக்கொண்டு கடைக்கு வந்த உன் தங்கை ஒருநாள் பொறுமையிழந்தாள். "அக்கா, பழசையெல்லாம் எடுத்துடலாம். இப்படியே போனா கடையே இருக்காது. ஆபா இருந்திருந்தா அவங்களும் இதான் சொல்லியிருப்பாங்க" என்றாள். அவளுக்கு நான் அக்கா, நீதான் ஆபா. அவள் சொன்னதில் தப்பே இல்லை. எனக்குத்தான் கோபம் தலைக்கேறியது. அந்தப் பழசில் பாதி உன் கை. அதை அழிப்பது உன்னை இன்னொரு முறை அனுப்பிவைப்பது போலிருந்தது. அவள் எதிரிலேயே அழுதுவிட்டேன். பாவம், அவளும் அழுதாள்.

அப்புறம்தான் தேடித் தேடிப் படித்தேன். எல்லாவற்றையும் கைக்கெட்டும் இடத்திலேயே வைத்திருந்ததுதான் நம் செலவு. அதே கிளவுடில் ஆர்க்கைவ் என்று ஓர் இடம் இருக்கிறது, நம் வீட்டுப் பரண் மாதிரி. வாடகை சொற்பம். ஆனால் கேட்டதும் கைக்கு வராது, மறுநாள் வரை காத்திருக்க வேண்டும். பழைய பேக்கப்புகளை மொத்தமாகப் பரணில் ஏற்றினேன். இனி வருகிறவையும் நான்கு வாரம் தாண்டினால் தானாகவே போய்விடும்படி விதி எழுதினேன். நான்கு வாரம் என்றால் ஒரு மாதம்தானே என்று நினைத்தேன். ஒரு அமாவாசைக்கும் அடுத்ததற்கும் நடுவே அதைவிடக் கொஞ்சம் கூடுதல் என்பது மண்டையில் உறைக்கவே இல்லை. அமாவாசையில் பேக்கப் எடுக்கிறவர்களைத் தவிர வேறு யார் இப்படி மாட்டுவார்கள்?

மாட்டினேன். போன அமாவாசைக்கு முந்தின நாள் காலையில் கடைக் கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க் உயிரை விட்டது. சரி, மேலே இருக்கிறதே என்று திறந்தால், இருந்த ஒரே பேக்கப்பும் முந்தின சாயங்காலமே பரணுக்குப் போய்விட்டிருந்தது. அந்த நேரம் பார்த்துப் பிள்ளையார்பாளையத்திலிருந்து குமரேசன் அண்ணனின் போன். கல்யாணப் புடவை நெய்துகொண்டிருந்தார். "புடவை உடம்பு முடியப் போவுதும்மா. ரெண்டு மாசம் முன்ன திருத்தி வெச்சியே, அந்த முந்தியை அனுப்பிடு" என்றார். புடவை குறித்த நாளில் போகாவிட்டால் அவர் இனி நம் படி ஏறமாட்டார். போனவர் ஊர் முழுக்கச் சொல்லாமலும் இருக்கமாட்டார்.

பரணிலிருந்து திருப்பிக் கேட்கும் பட்டனை அழுத்திவிட்டு, "அண்ணே, ஒரு நாள் டைம் வேணும்" என்றேன்.

"இன்னாமா பேசற? நாளைக்கு அமாவாசை, தறியே ஓடாது. நாளன்னிக்குக் காலைல குடு, போதும்."

போனை வைத்துவிட்டு நான் சிரித்த சிரிப்பில் உன் தங்கை பயந்துபோனாள். என்னை மாட்டிவிட்டதும் உன் அமாவாசை, காப்பாற்றியதும் அதே அமாவாசை!

மறுநாள் ஃபைல்கள் ஒவ்வொன்றாக இறங்கின. கடவுளே, அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்வேன்! முந்தி வந்தது. பெரியவளுக்கும் சின்னவளுக்கும் போட்ட அதே பார்டரும் வந்தது. நாம் சண்டை போட்டு வரைந்த மயில்கூட வாலோடு முழுசாக வந்து சேர்ந்தது. விதியில் இன்னும் ஒரு வாரம் கூட்டினேன். மாற்றியதை மட்டும் தினமும் ஏற்றவும் ஏற்பாடு செய்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே.

அப்போது உன் தங்கை ஒரு ஃபோல்டரைத் திறந்தாள். 'சும்மா' என்று நீ பேர் வைத்திருந்தது. யாரும் கேட்காமல் உன் இஷ்டத்துக்கு வரைந்தவை. அதில் அந்த வைப்பர் டிசைன் இருந்தது. ஏனாத்தூர் காலேஜ் பஸ்ஸில் டிரைவருக்குப் பின்சீட்டைப் பிடித்து உட்கார்ந்து, மழையில் கண்ணாடியை வைப்பர் துடைத்துவிட்டுப் போகும் அரைவட்டங்களையே பார்த்துக்கொண்டிருப்பாயே, அதைப் பின்னாளில் புடவை உடல் முழுக்க வெள்ளிச் சரிகையில் போட்டிருந்தாய். "கல்யாணத்துக்கு யாராவது வைப்பரைக் கட்டிக்குவாங்களாடி?" என்று நான் கேலி செய்ததும், நீ ஒரு வாரம் என் டிபன் பாக்ஸைத் தொடாததும் நினைவிருக்கிறது.

"இதை மட்டும் பரண்ல ஏத்த வேணாம். கைக்குப் பக்கத்துலயே இருக்கட்டும். ஆகிற செலவை நான் தரேன்" என்றேன்.

உன் தங்கை திரையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. "வெச்சுக்கினு இன்னாக்கா பண்றது? தறில ஏத்தலாம்" என்றாள்.

பழசையெல்லாம் அழித்துவிடலாம் என்று சொன்ன அதே பெண்! அப்படியே கட்டிக்கொண்டேன்.

குமரேசன் அண்ணன் கல்யாணப் புடவையை நேரத்துக்கு முடித்துக் கொடுத்துவிட்டார். தறியில் புதுப் பாவு ஏற்றி, நேற்று உன் டிசைன் ஓட ஆரம்பித்துவிட்டது. ஒரு சாண் நெய்ததும் போன் செய்தார். "புதுசா இருக்குதும்மா. யாரு போட்டது?"

"எங்க ஆபா" என்றாள் உன் தங்கை. அந்தப் பெருமையை நீ கேட்டிருக்க வேண்டும்.

எந்த நல்ல சேதி வந்தாலும் முதலில் உன்னிடம் சொல்லத் துடிக்கிற இந்த அவசரம் மட்டும் என்னை விட்டுப் போகவே இல்லை. போகவும் வேண்டாம். இப்போதைய சேதி இதுதான்: அந்த முதல் புடவை எனக்கு. கல்யாணம், கோயில் என்று காத்திருக்கப் போவதில்லை. வந்த அன்றைக்கே கட்டிக்கொண்டு ஏனாத்தூர் பஸ்ஸில் ஏறி, டிரைவருக்குப் பின்சீட்டில் உட்காரப் போகிறேன். மழை பெய்தால் இன்னும் நல்லது.