மைனி வாசித்த ஆட்டக்காரர் கதைகள்

மைனி,

நேற்றுக் காலை அண்ணனோடு தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்துக்கு மீன் வாங்கப் போயிருந்தேன். ஒரு படகுக்கு ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பெரிய கட்டியை இயந்திரத்துக்குள் தள்ளியதும் அது நொறுங்கி வெள்ளைப் பொடியாகக் கொட்டியது. கொஞ்சம் சிதறி எங்கள் காலடியிலும் விழுந்தது. மீன் வாடையில் கலந்த அந்தக் குளிர்ந்த மணம் மூக்கில் ஏறியதும் உங்கள் குரல்தான் முதலில் வந்தது. "ஐஸுக்க மேல ஓடி ஹாக்கி விளையாடுதானுவளாம் மக்கா. நமக்கு ஐஸுன்னா மீனுக்க மேல போடுததுதான் தெரியும்."

சிரித்துவிட்டேன். அண்ணன் திரும்பிப் பார்த்து, "என்னட்டி?" என்றான்.

"மைனி சொன்னது ஒண்ணு நெனவு வந்துது."

மற்ற நாளானால் பேசாமல் நடந்திருப்பான். நேற்று நின்றுவிட்டான். "அந்தக் கதைகளப் பத்தியா?" என்று கேட்டான். ஆமென்றேன். வீட்டுக்கு வந்து மீன் பையை இறக்கி வைத்துவிட்டு ஒரு கேள்வி கேட்டான். ராத்திரி கோட்டாற்றில் என் வீட்டுக்குத் திரும்பிய பிறகும் அந்தக் கேள்வி கூடவே இருந்தது. பதில் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான். அதனால் உங்களுக்கே எழுதுகிறேன்.

அந்தக் கதைகளை நீங்கள் வாசிப்பது எனக்குத் தெரியவந்தது அம்மா இறந்ததற்குப் பிறகு. அண்ணன் கல்ஃபில் ஏசி பழுது பார்த்துக்கொண்டிருந்தான். அவன் மனைவி நீங்கள் அவ்வளவு பெரிய வீட்டில் தனி. மாலையில் டியூசன் பிள்ளைகள் வருவார்கள், கணக்கும் இங்கிலீஷும் சொல்லிக்கொடுப்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை நான் வருவேன். அப்படி ஒரு ஞாயிறு அடுக்களைக்குள் வந்தபோது, நீங்கள் ஒரு கையால் மரச்சீனிக் கிழங்கைக் கிண்டிக்கொண்டு, உப்பு ஜாடியில் சாய்த்து வைத்திருந்த செல்லை வாசித்துக்கொண்டிருந்தீர்கள். எட்டிப் பார்த்தேன். அட்டையில் ஒரு பையன் சட்டையில்லாமல் பந்தைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"யாரு மைனி இவன்?"

"கூடைப்பந்து டீமுக்க கேப்டன். கணக்குல தோத்துப்போனான். சொல்லிக்குடுக்க ஒரு பிள்ளைய விட்டிருக்காவ. அவளுக்கு புத்தகத்த விட்டா வேற ஒண்ணும் தெரியாது. அவனக் கண்டாலே பிடிக்காது."

"பின்னே?"

"பின்னே என்ன? கொஞ்சம் சண்ட. அப்புறம் காதல்."

சொல்லிவிட்டு, டியூசன் பிள்ளைகள் முன்னறையில் மறந்து விட்டுப்போயிருந்த பென்சில் டப்பாவைப் பார்த்துச் சொன்னீர்கள்: "நானும் இத்தன வருசமா கணக்கு சொல்லிக்குடுக்கேன். எனக்கு இப்படி ஒருத்தன் வரல்லியே."

உங்கள் கதைகள் எல்லாமே ஒரே கதைதான் என்று எனக்குச் சீக்கிரம் தெரிந்துவிட்டது. ஊரும் ஆட்டமும் மாறும். ஒன்றில் ஐஸ் ஹாக்கி, ஒன்றில் கால்பந்து, ஒன்றில் நீச்சல். கல்லூரி மட்டும் மாறாது. ஒருத்தன் வாய் ஓயாதவன், ஒருத்தி வாயே திறக்காதவள். ஒருத்திக்கு ஜெயிப்பது மட்டுமே வாழ்க்கை, ஒருத்தனுக்குக் கூட்டத்தைக் கண்டாலே வியர்க்கும். விதி அவர்களை ஒரே அறையிலோ ஒரே பஸ்ஸிலோ கொண்டுபோய்ப் போடும். கதை முக்கால்வாசி ஆனதும் பிரிவார்கள். கடைசியில் சேருவார்கள்.

நான் கல்லூரிக்காக வாலிபால் ஆடியவள். இப்போது பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர். எனக்கு அந்தக் கதைகள் சிரிப்பாக இருந்தன. "இவனுவ எப்ப மைனி பிராக்டீஸ் பண்ணுவானுவ? எப்பப் பாத்தாலும் அவளுக்க பின்னாலயே நிக்கானுவ" என்பேன். நீங்கள் கோபிக்க மாட்டீர்கள். என் கல்லூரிக் கதையைக் கேட்பீர்கள். நான் என்ன சொல்வது? இரவல் ஷூ, திருநெல்வேலிக்கு நின்றுகொண்டே போன பஸ், ஆட்டம் முடிந்ததும் பரோட்டா, பக்கத்து மைதானத்தில் ஆண்கள் அணி ஆடினால் தலை நிமிரக்கூடாது என்று கோச் போட்ட சட்டம். இவ்வளவுதான் எங்கள் விளையாட்டுக் காதல். நீங்களோ அதையும் கன்னத்தில் கைவைத்துக் கேட்டீர்கள்.

"ஜெயிச்ச உடனே யார முதல்ல பாத்த?"

"தண்ணிக் கேன."

தலையில் அடித்துக்கொண்டீர்கள். உங்கள் கதைகளில் ஜெயித்தவன் முதலில் கூட்டத்துக்குள் அவளைத் தேடுவானாம். அந்த இடம் வந்தால் செல்லைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கொஞ்சநேரம் சும்மா இருப்பீர்களாம்.

ஒருநாள் நேராகவே கேட்டேன். "சேர்ந்துருவாவன்னு தெரியும்லா மைனி? அப்புறம் என்னத்துக்கு வாசிக்கிய?"

"தெரியும். அதுனாலதான் நிம்மதியா வாசிக்கேன். மத்த எதுல இப்படி முன்னாலயே தெரியுது?"

"இம்புட்டு வித்தியாசமா இருக்கவிய எப்படிச் சேர முடியும்? ஒருத்தர் மாறணும்லா?"

"ரெண்டுபேரும் மாறமாட்டாவ மக்கா. அதாக்கும் விசயம். அவன் கத்திக்கிட்டுத்தான் இருப்பான், அவ பேசாமத்தான் இருப்பா. ஆனா ஒருத்தருக்கு ஒருத்தர் கொஞ்சம் எடம் விட்டுக் குடுப்பாவ."

எனக்கு அது பாதிதான் விளங்கியது. என் வீட்டுக்காரரும் பி.டி. வாத்தியார். ஒரே நேரத்துக்கு எழுந்து, ஒரே மாதிரி ஓடி, ஒரே செய்தியைப் படிக்கிறவர்கள் நாங்கள். யாரும் யாருக்கும் இடம் விட வேண்டியதில்லை. சண்டையும் வராது. அன்று பஸ்ஸில் திரும்பும்போது அது ஒரு குறைபோலத் தோன்றியது. ஏன் தோன்றியது என்று இன்றும் தெரியவில்லை.

அண்ணனும் ஆட்டக்காரன்தான் என்பதை நான் அப்போதெல்லாம் மறந்தேபோயிருந்தேன். கல்லூரியில் அவன் கால்பந்தில் இடது பக்கம் ஓடுகிறவன். முழங்கால் முட்டில் அடிபட்டு நிறுத்தியதற்குப் பிறகுதான் உங்கள் கல்யாணம். மாப்பிள்ளை பந்து விளையாடுவார் என்று தரகர் சொன்னதோடு சரி, அவன் ஆடி நீங்கள் பார்த்ததில்லை. கல்யாண விடுமுறை முடிந்ததும் போய்விட்டான். லீவில் வந்தாலும் மோட்டார் ரிப்பேர், ஓடு மாற்றுவது, சொந்தக்காரர் வீடு என்று நாள் தீர்ந்துவிடும். போனில் நீங்கள் ஊர்க் கதையெல்லாம் சொல்வீர்கள். அவன் பக்கத்திலிருந்து "ம்" மட்டும் வரும். அந்த "ம்"மில் எத்தனை வகை உண்டு என்று எனக்குப் பேசிக் காட்டுவீர்கள். இருவரும் விழுந்து விழுந்து சிரிப்போம்.

அவன் லீவில் வந்திருந்த ஒரு ஓணத்துக்கு, ஊரில் கல்யாணம் ஆனவர்களும் ஆகாதவர்களும் மோதுகிற பந்தாட்டம் வைத்தார்கள். நீங்கள் அவனை விடவில்லை.

"முட்டு வலிக்கும்" என்றான்.

"கொஞ்சநேரம் சும்மா நில்லுங்க. போதும்."

யாருடைய காலுறையையோ வாங்கிப் போட்டுக்கொண்டு இறங்கினான். சாரல் விழுந்துகொண்டிருந்தது. நீங்களும் நானும் ஒரே குடைக்குள் நின்றோம். முதல் பாதி முழுக்க அவன் நின்றான், நடந்தான், மூச்சு வாங்கினான். நீங்கள் என் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தீர்கள். பிறகு எங்கிருந்தோ பந்து அவன் பக்கம் உருண்டு வந்தது. அந்தக் கால் என்ன நினைத்ததோ, ஓடியது. இரண்டு இளவட்டங்களைத் தாண்டி, இடது காலால் ஒரே அடி. வலைக்குள் போய் விழுந்தது பந்து. ஊரே கத்தியது. நானும் கத்தினேன். அவன் முட்டில் இரண்டு கையையும் ஊன்றிக் குனிந்து நின்றான். அப்புறம் தலையை நிமிர்த்தி நேராக நம் குடையைப் பார்த்தான்.

குடைக்குள் நான் மட்டும் நின்றேன். நீங்கள் மழையில் நனைந்தபடி வரப்பில் வீட்டைப் பார்த்து நடந்துகொண்டிருந்தீர்கள். கூப்பிட்டேன். திரும்பவில்லை.

நாங்கள் வந்தபோது அடுப்பில் சாயா கொதித்துக்கொண்டிருந்தது. தலையைத் துவட்டிக்கொண்டே, "பால் இல்லன்னு நெனவு வந்துது, அதான் வந்துட்டேன்" என்றீர்கள். குளிர்பதனப் பெட்டியில் பால் இருந்தது. காலையில் வாங்கி வைத்தவள் நான். அண்ணன் சாயாவை வாங்கிக்கொண்டான். நான் குடையை விரித்துக் காயப் போட்டேன். அன்று நீங்கள் அவனுக்கு முட்டில் எண்ணெய் தடவிவிட்டீர்கள், வழக்கத்தைவிட அதிகம் பேசினீர்கள், ஆட்டத்தைப் பற்றி மட்டும் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

பிறகு நோய் வந்தது. அது சீக்கிரமாக வந்து சீக்கிரமாக உங்களைக் கொண்டுபோனது. அண்ணன் வேலையை விட்டுவிட்டு வந்தவன், அடக்கம் முடிந்தும் திரும்பிப் போகவில்லை. அவனுடைய இப்போதைய வேலை என்ன தெரியுமா? உங்கள் செல்லை வைத்துக்கொண்டு அந்தக் கதைகளை வாசிப்பது. மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்காருவான். தெரியாத சொல்லுக்கு அகராதி பார்ப்பான். ஒரு பக்கம் நகர வெகுநேரம் ஆகும். ஐஸ் ஹாக்கிக்காரன் ஒருவனோடு இப்போது பாதி வழியில் இருக்கிறான்.

நேற்று அவன் கேட்டது இதுதான். "இதுல உள்ளவன் பேசுத மாதிரி நான் ஒருநாளும் அவகிட்டப் பேசினதில்ல. அவ என்னை நெனச்சு இத வாசிச்சாளா, நான் இல்லாததுனால வாசிச்சாளா?"

நான் மீனைக் கழுவிக்கொண்டிருந்தேன். கழுவியதையே மறுபடி கழுவினேன்.

"அன்னைக்கு கோல் போட்டுட்டுப் பாத்தேன். அவ அங்க இல்ல. ஏன் போனா?"

அவனும் அதை இத்தனை காலம் வைத்துக்கொண்டிருந்திருக்கிறான். வாயில் வந்ததைச் சொன்னேன். "நீ அப்படி ஓடினத மைனி அன்னைக்குத்தான் பாத்தாவ. தாங்க முடியாம போயிருப்பாவ." சொன்னதும் அது சரியில்லை என்று பட்டது. சின்ன வயதில் பார்த்திருக்க வேண்டியதை இப்போது பார்க்கிறோமே என்ற ஆத்திரமாகவும் இருக்கலாம். அல்லது, அவன் தலை நிமிர்த்தி வேறு யாரையாவது பார்த்துவிட்டால் என்ன செய்வது என்று பயந்து முன்னாலேயே போனீர்களோ? அதையும் சொன்னேன். அண்ணன் ஒவ்வொன்றையும் கேட்டுத் தலையாட்டினான். எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி ஆட்டினான்.

"அப்போ சந்தோசமா இருந்தாளா?"

"தெரியல்ல அண்ணா."

"அவகிட்டயே கேட்டிருக்கலாம். ஆஸ்பத்திரில நேரம் இருந்துது. நான் பக்கத்துல இருந்து ஆரஞ்சு உரிச்சுக்கிட்டே இருந்தேன்."

நான் மீனை வெட்டினேன். குழம்பு வைத்து இருவரும் சாப்பிட்டோம்.

மைனி, நீங்கள் சிரித்துக்கொண்டிருந்ததை நான் பார்த்திருக்கிறேன், அது நடிப்பில்லை. தனியாக இருந்ததையும் பார்த்திருக்கிறேன், அதுவும் பொய்யில்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் எனக்கு ஒன்றும் புரிவதில்லை. கடல் தாண்டிப் போன ஆண்களும் காத்திருக்கிற பெண்களுமாக இருக்கிற ஊர் இது. இங்கே ஒருத்தி, எங்கோ பனி பெய்கிற கல்லூரியில் ஒரு பையன் ஒரு பெண்ணிடம் தன் மனதை முழுசாகச் சொல்லி முடிக்கும் இடத்தை மறுபடி மறுபடி வாசித்தால், அது ஏக்கமா, பொழுதுபோக்கா, வேறு ஏதாவதா? நானும் இப்போது ஒன்றிரண்டு வாசித்துவிட்டேன். ஆட்டத்தில் தப்பு கண்டுபிடித்துக்கொண்டே போகிறேன், திடீரென்று கண் நிறைந்துவிடுகிறது. எந்த வரிக்கு நிறைந்தது என்று திரும்பிப் பார்த்தால் அங்கே ஒன்றுமே இருப்பதில்லை.

ஆஸ்பத்திரியில் உங்களுக்குக் கண் கூசத் தொடங்கியதும் என்னை வாசிக்கச் சொன்னீர்கள். அண்ணன் அதுவரை விமானம் ஏறியிருக்கவில்லை. நீச்சல்காரியும் நூலகத்தில் வேலை பார்க்கிற பையனும் வருகிற கதை. என் இங்கிலீஷில் தட்டுத் தடுமாறி, வாசித்ததை அப்படியே தமிழில் சொல்லிக்கொண்டு போனேன். அவர்கள் இருவரும் முதல்முறை தனியாக நிற்கிற இடம் வந்தது. பக்கத்துக் கட்டில் அம்மாள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்குக் கூச்சம். "அவன் முத்தம் குடுத்தான். அடுத்த நாள் போட்டி" என்று தாண்டினேன்.

நீங்கள் கண்ணைத் திறக்காமலே சொன்னீர்கள். "சுருக்காத மக்கா. எல்லாத்தையும் சொல்லு."

பக்கத்துக் கட்டில் அம்மாளும், "சொல்லு பிள்ள, நானும் கேக்கேன்" என்றாள்.

திரும்பப் போய் முதலிலிருந்து சொன்னேன். அவள் ஈரத் தலையோடு வந்து நின்றது, அவன் கண்ணாடியைக் கழற்றி எங்கே வைப்பதென்று தெரியாமல் விழித்தது, வெளியே யாரோ கதவைச் சாத்திய சத்தம், எதையும் விடவில்லை. உங்கள் விரல் மட்டும் போர்வைமேல் அசைந்துகொண்டிருந்தது.

உங்களிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது அது ஒன்றுதான், எதையும் சுருக்காமல் இருப்பது. இன்று சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு நேராக அண்ணனிடம் போனேன். கல்ஃபில் தான் இருந்த அறையைப் பற்றிச் சொல்லத் தொடங்கினான். அடுக்குக் கட்டிலில் மேல் தட்டு அவனுடையதாம். உங்கள் போன் வந்தால் மற்றவர்களுக்குக் கேட்கக்கூடாதென்று போர்வையைத் தலைவரை மூடிக்கொள்வானாம். போர்வைக்குள் வேர்த்து ஊற்றுமாம். அப்புறம் என்ன என்று நான் அவசரப்படுத்தவில்லை. சாயா ஆறிப்போனது. கடைசி பஸ்ஸைப் பற்றி யோசித்தேன், பிறகு யோசிப்பதை விட்டேன். அவன் சொல்லிக்கொண்டே இருந்தான்.