பாசியில் இருந்த மண்

அன்பு மகளுக்கு,

நீ கண் டாக்டருக்குப் படித்து முடித்த அன்றே, நம் பாசிக் கடைக்குப் பக்கத்து அறையில் உன் பெயர்ப் பலகையை மாட்டிவிட்டேன். உன்னைக் கேட்காமல் செய்தது தப்புதான்.

கடலில் மூழ்கிப் பாசி எடுக்கும் பெண்கள் சிவந்த கண்ணோடு வந்து, "டாக்டரம்மா எப்ப வாராக?" என்கிறார்கள். அடுத்த மாதம் என்று சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது. நீ மதுரையிலேயே வேலை பார். இவர்கள் பாசிக்குப் போகாத நாளாகப் பார்த்து, மாதம் ஒரு தடவை வா. இவர்கள் எடுத்த பாசியை விற்றுத்தான் உன்னைப் படிக்கவைத்தேன்.

போன வாரம் சோணையம்மாள் கொண்டுவந்த பாசியில் பாதி மண். மண் என் கண்ணில் படவில்லை; வழக்கம்போல் கழிக்காமல் முழு எடைக்கும் காசு கொடுத்துவிட்டேன். "முதலாளிக்கு இப்பத்தேன் இரக்கம் வந்திருக்கு" என்று சிரித்தாள். அப்படியே நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

எழுத்து வரி தாண்டிப் போயிருந்தால் பேனாவைத் திட்டு.

உன் அய்யா